ஒளிக்கு வாய்க்கால் வெட்டும் மூலக்கூறுகள்

க.பொ.த. உயர்தர மாணவி, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

ஆலையடிவேம்புச் சந்தியிலுள்ள புத்தகக் கடையொன்றில் தம்பிக்கு ஓர் அடிமட்டம் வாங்கினோம். கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம், ஊடுபுகவிடும் பிளாஸ்டிக். வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அடிமட்டத்துட நடுப்பக்கம் மங்கலா இருக்கு. ஓரம் மட்டும் ஏன் லைட் போட்ட மாதிரி மின்னுது? பெட்டரி எங்க இருக்கு?"

பதில் சொன்னது ராத்தா. "பெட்டரி ஒண்டும் இல்ல. வெளிச்சம் உள்ளுக்க மாட்டுப்பட்டுட்டு. ஓரத்தாலதான் அதுக்கு வெளிய வரலாம்."

அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்கையில், அந்த அடிமட்டம் இரண்டு பாடங்களுக்கும் நடுவில் நிற்கிறது என்பது புரிகிறது. அங்கிருந்து தொடங்கி, மயிரிலும் மெல்லிய பளிங்குகளால் ஒளியை நடத்திச் செல்லும் ஒரு புதிய துறை வரை உங்களை அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தத் துறையில் நமக்கு அயலிலுள்ள ஹைதராபாத் நகரமும் கொல்கத்தா நகரமும் முன்னணியில் நிற்கின்றன.

ஒளி மாட்டுப்படுவது எப்படி?

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குச் செல்லும்போது திசை மாறுகிறது. இதை ஒளி முறிவு என்கிறோம். கி.பி. 984 இல் பக்தாதில் இப்னு சஹ்ல் என்ற அறிஞர் எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி எழுதிய நூலில், இன்று நாம் சினெல்லின் விதி என்று படிக்கும் தொடர்பு கேத்திரகணித வடிவில் உள்ளது. அவருக்குப் பின் வந்த பஸராவின் இப்னு அல்-ஹைதம், கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்று பரிசோதனைகளோடு நிறுவினார். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது.

அடர்ந்த ஊடகத்திலிருந்து ஐதான ஊடகத்துக்கு ஒளி செல்லும்போது முறிகதிர் செவ்வனை விட்டு விலகும். படுகோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முறிகதிர் மேற்பரப்போடு ஒட்டிச் செல்லும். அந்தப் படுகோணமே அவதிக் கோணம். அதையும் தாண்டினால் ஒளி வெளியேறவே முடியாது, முழுவதும் உள்ளே திரும்பிவிடும். இதுவே முழு உட்தெறிப்பு.

முறிவுச் சுட்டி 1.5 ஆன கண்ணாடிக்கும் வளிக்கும் இடையில் அவதிக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. நீருக்கு ஏறத்தாழ 49 பாகை. முறிவுச் சுட்டி கூடக் கூட அவதிக் கோணம் குறைகிறது. அதாவது, ஒளி தப்பிச் செல்லும் வாசல் சிறுக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கலாம்

ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பென்சில் நுழையும் அளவில் ஒரு துளையிடுங்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு நீரை நிரப்புங்கள். அறையை இருட்டாக்கி, துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியின் டோர்ச்சை அடியுங்கள். இப்போது விரலை எடுங்கள். நீர் வளைந்து விழும். ஒளியும் அதனோடு வளைந்து சென்று, நீர் விழும் இடத்தில் உங்கள் உள்ளங்கையில் ஒரு வெளிச்சப் பொட்டாகத் தெரியும். லேசர் விளக்கைப் பாவிக்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.

1841 இல் ஜெனீவாவில் டானியல் கொலடொன் என்ற விஞ்ஞானி நீர்த்தாரையில் ஒளி வளைந்து செல்வதைக் காட்டினார். ஒளி உண்மையில் வளைவதில்லை. நீரின் உட்சுவரில் மீண்டும் மீண்டும் பட்டுத் தெறித்து, நேர்கோட்டுத் துண்டுகளாகவே செல்கிறது.

ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றபோது இதை வீட்டு முற்றத்தில் செய்து காட்டினேன். வாப்பா வேளாண்மை செய்பவர். வெளிச்சம் விழுந்த தம்பியின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது வாய்க்கால்தானே புள்ள. தண்ணிக்கு வரம்பு கட்டுற மாதிரி வெளிச்சத்துக்கு வரம்பு கட்டி வெச்சிருக்கு." இதைவிடச் சிறந்த வரைவிலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. ஒளி வழிகாட்டி என்பது ஒளியின் வாய்க்கால். முறிவுச் சுட்டி குறைந்த வெளிப்புறமே அதன் வரம்பு.

கண்ணாடி நார் வந்த கதை

பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரல்ட் ஹொப்கின்ஸுடன் சேர்ந்து, ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி நார்களைக் கட்டாகச் சேர்த்து ஒரு படத்தை வளைவுகளினூடாகக் கடத்திக் காட்டினார். அந்த ஆய்வு 1954 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வைத்தியர்கள் இரைப்பைக்குள் பார்க்கும் உள்நோக்குக் கருவிக்கு அது வழி திறந்தது.

ஆனால் தூரம் ஒரு பிரச்சினையாக இருந்தது. அக்காலக் கண்ணாடியில் சில மீற்றர்கள் செல்வதற்குள் ஒளி மங்கிவிடும். 1966 இல் சார்ல்ஸ் காவோ, குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள மாசுகளில்தான் இருக்கிறது என்று காட்டினார். ஒரு கிலோமீற்றரில் 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்கு ஒளியாவது எஞ்சினால், தொலைத்தொடர்புக்கு அது போதும் என்றார். இன்றைய நாரில் ஒரு கிலோமீற்றருக்கு இழப்பு ஏறத்தாழ 0.2 டெசிபெல் மட்டுமே, நூறில் 95 பங்குக்கு மேல் எஞ்சுகிறது. காவோவுக்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையை உலகோடு இணைக்கும் கடலடி வடங்களுக்குள் இந்த நார்களே இருக்கின்றன. அவற்றில் ஒன்று மாத்தறையில் கரையேறுகிறது.

ஆகவே நீண்ட தூர வாய்க்காலைக் கண்ணாடி வெட்டிவிட்டது. இப்போதுள்ள கேள்வி வேறு. ஒரு நகத்தின் அளவிலான சில்லுக்குள் ஒளியை எப்படித் திருப்புவது, பிரிப்பது, சேர்ப்பது? பெரிய ஆற்றிலிருந்து நீர் வருவது ஒன்று, நம் வயலின் வக்கடையில் அதைத் திருப்பிவிடுவது வேறொன்று.

சேதனம் என்றால் பசளையா?

இந்த இடத்தில் வாப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சேதனம் எண்டா பசளைதானே?" 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின் நம் பகுதி விவசாயிகளுக்கு அந்தச் சொல் கசப்பாகிப் போனது உண்மைதான். இரசாயனவியலில் சேதனம் என்பது காபன் அணுக்களை முதுகெலும்பாகக் கொண்ட சேர்வைகளைக் குறிக்கும். சீனி, பெற்றோல், பனடோல், தேயிலையிலுள்ள கபீன் எல்லாம் சேதனச் சேர்வைகளே.

சில சேதன மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்திருக்கும். பென்சீன் வளையத்தில் நாம் படிப்பது போல, அங்கே இலத்திரன்கள் ஓர் அணுவோடு கட்டுப்படாமல் மூலக்கூறு முழுவதும் பரவியிருக்கும். அப்படிப்பட்ட மூலக்கூறு நீல ஒளியையோ கழியூதாக் கதிரையோ உறிஞ்சி, சற்றுச் சக்தியை இழந்து, நீண்ட அலைநீளமுள்ள பச்சை அல்லது செம்மஞ்சள் ஒளியாகத் திருப்பித் தரும்.

தம்பியின் அடிமட்டத்தில் நடப்பது இதுதான். பிளாஸ்டிக்கில் கலந்துள்ள சாய மூலக்கூறுகள் அறையின் ஒளியை உறிஞ்சிப் பச்சை ஒளியை எல்லாத் திசைகளிலும் விடுகின்றன. பிளாஸ்டிக்கின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.5. கணக்குப் பார்த்தால், அந்த ஒளியில் நான்கில் மூன்று பங்கு அவதிக் கோணத்தைத் தாண்டிப் படுவதால் உள்ளேயே சிறைப்பட்டு, தட்டையான முகங்களுக்கிடையில் தெறித்துத் தெறித்து ஓரத்தை அடைகிறது. நடுப்பகுதி மங்கலாகவும் ஓரம் பிரகாசமாகவும் இருப்பதன் இரகசியம் அதுவே.

இதை உயிர்ப்பான ஒளி வழிகாட்டி என்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஒளியை நிறம் மாற்றாமல் கடத்துவது உயிர்ப்பற்ற வழிகாட்டி. உயிர்ப்பான வழிகாட்டியோ தானே ஒளியை உண்டாக்கித் தானே கடத்துகிறது. அதற்கு ஒரு குறையும் உண்டு. தான் விட்ட ஒளியில் ஒரு பகுதியைத் தானே மீண்டும் உறிஞ்சிவிடும். எனவே உறிஞ்சும் நிறமும் விடும் நிறமும் ஒன்றையொன்று விட்டுத் தள்ளி இருக்கும் மூலக்கூறுகளைத் தேடி எடுப்பது இரசாயனவியலாளரின் வேலையாகிறது.

மூலக்கூறுகள் தாமே கட்டும் வாய்க்கால்

அடிமட்டத்தை மயிரளவுக்குச் சுருக்க முடியுமா? வெட்டிச் சுருக்கினால் ஓரங்கள் கரடுமுரடாகி ஒளி சிதறிவிடும். ஆனால் மூலக்கூறுகளையே அடுக்கவிட்டால் நிலைமை மாறும். சீனிப்பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு தானாக வளர்வதை நாம் அறிவோம். அதுபோலப் பொருத்தமான சேதனச் சேர்வையைக் கரைப்பானில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஒரு துளி விட்டு மெல்ல உலரவிட்டால், அல்லது திண்மத்தைச் சூடாக்கிப் பதங்கமாக்கினால், ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகள் வளரும். அவற்றின் முகங்கள் இயற்கையாகவே வழவழப்பானவை.

2005 இல் ஜப்பானில் கென் தகசவா என்ற ஆய்வாளர், ஒரு சாயத்தின் மூலக்கூறுகள் கரைசலில் தாமே கூடி நார்களாகி ஒளியைக் கடத்துவதை வெளியிட்டார். அத்தகைய நாரின் நடுவில் ஒளியைப் படவிட்டால், நடுப்பகுதியும் இரண்டு முனைகளும் மட்டும் நட்சத்திரம் போல மின்னும். தம்பியின் அடிமட்டத்தின் குட்டிப் பதிப்பு அது.

முறிவுச் சுட்டி 1.7 ஆன பளிங்குக்கு அவதிக் கோணம் ஏறத்தாழ 36 பாகை. ஆகவே அடிமட்டத்தை விட அதிக ஒளி சிறைப்படும். அதோடு, சிலிக்கன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சிவிடும் என்பதால் அகச்சிவப்பு ஒளிக்கே வழிகாட்டியாக உதவுகிறது. சேதனப் பளிங்குகளோ நீலம் முதல் சிவப்பு வரையான ஒளியைக் கடத்த வல்லவை.

வளையும் பளிங்கு: கொல்கத்தாவிலிருந்து ஒரு செய்தி

வாய்க்கால் நேராக மட்டும் இருந்தால் பயன் குறைவு, வளைய வேண்டும். ஆனால் பளிங்கு என்றாலே உடையும் பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். கற்கண்டை வளைக்க முடியுமா?

2005 இல் சி. மல்லா ரெட்டி, கௌதம் தேசிராஜு முதலியோர், சில சேதனப் பளிங்குகள் உடையாமல் வளைவது ஏன் என்பதை ஆராய்ந்து எழுதினார்கள். சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது போல, வலுவற்ற விசைகளால் பிணைந்த மூலக்கூற்றுப் படைகள் வழுக்குவதே காரணம். அப்படி வளைந்த பளிங்கு மீண்டும் நிமிராது.

2012 இல், கொல்கத்தாவில் இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவகத்தில் சௌம்யஜித் கோஷும் மல்லா ரெட்டியும், கபீனை வேறொரு சேதன அமிலத்துடன் சேர்த்து வளர்த்த பளிங்கு, வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் மீண்டும் நிமிர்வதைக் கண்டார்கள். நாம் காலையில் குடிக்கும் தேநீரிலுள்ள அதே கபீன்தான்! அங்கே மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி இருப்பதால் நிரந்தரமாக வழுக்கிச் செல்ல முடிவதில்லை. இடைவிசைகள் வலுவற்றவையாகவும் பல திசைகளிலும் பரவியும் இருப்பதால் சற்று இடம்விட்டு மீண்டும் பழைய இடத்துக்கே வருகின்றன. இரசாயனவியல் பாடத்தில் "வலுவற்ற இடைவிசைகள்" என்று மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போகிறோம். அந்த வலுவின்மைதான் இங்கே பலமாகிறது.

ஹைதராபாத்தில் ஓர் ஊசிமுனை

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையில் பேராசிரியர் ராஜதுரை சந்திரசேகரும் அவருடைய மாணவர்களும் இத்தகைய பளிங்குகளைக் கொண்டு ஒளிச்சுற்றுகளை அமைக்கிறார்கள். அவர்களுடைய கை, அணுவிசை நுணுக்குக்காட்டியின் ஊசிமுனை. 1986 இல் அறிமுகமான அக்கருவி, கண் தெரியாதவர் விரலால் தடவி வாசிப்பது போல, மேற்பரப்பைத் தடவி அதன் வடிவத்தைச் சொல்வதற்காக உருவானது. ஹைதராபாத் குழுவினர் அதே ஊசிமுனையால் பளிங்கைத் தள்ளவும், தூக்கவும், வளைக்கவும், வெட்டவும், ஒன்றோடொன்று சேர்த்து வைக்கவும் செய்கிறார்கள். பொறிமுறையால் ஒளியைக் கையாளும் இந்த வழியைப் 'பொறிமுறை ஒளியியல்' என்று தமிழில் சொல்லலாம்.

நிமிர்ந்துவிடும் இயல்புள்ள பளிங்கைச் சுற்றில் வளைந்தபடி நிறுத்துவது எப்படி? இவ்வளவு சிறிய பளிங்குக்கும் கண்ணாடித் தட்டுக்கும் இடையிலுள்ள ஒட்டுவிசை, அது நிமிர முயலும் விசையை வென்றுவிடுகிறது. பசை தேவையில்லை.

இரண்டு பளிங்குகளை மிக அருகருகே வைத்தால், ஒன்றில் செல்லும் ஒளியின் ஒரு பகுதி மற்றதற்குள் கசிந்து செல்லும். முழு உட்தெறிப்பின்போதும் மேற்பரப்புக்கு வெளியே மிகச் சிறிய தூரத்துக்கு ஒளியின் மின்காந்தப் புலம் பரவி நிற்பதே காரணம். வரம்பை உடைக்காமலே பக்கத்து வயலுக்கு நீர் ஊறிச் செல்வதைப் போன்றது இது. வெவ்வேறு சேதனச் சேர்வைகளை இப்படிச் சேர்த்தால், ஒரு வாயிலில் ஒரு நிறமும் இன்னொரு வாயிலில் வேறு நிறமுமாக ஒளியைப் பெறலாம்.

பளிங்கை வளையமாக்கினால் இன்னோர் அதிசயம். வளையத்தைச் சுற்றிவரும் ஒளி தன்னோடு தானே பொருந்த வேண்டும். சுற்றளவை முறிவுச் சுட்டியால் பெருக்க வரும் நீளம், அலைநீளத்தின் முழு எண் மடங்காக இருந்தால்தான் பரிவு நிகழும். இழையிலும் குழாயிலும் நாம் படிக்கும் நின்ற அலைகளின் உறவினர் இது. உதாரணமாக, வளையத்தின் ஆரை 5 மைக்ரோமீற்றர், முறிவுச் சுட்டி 1.7 என்று கொள்வோம். சுற்றளவு 31.4 மைக்ரோமீற்றர். 1.7 ஆல் பெருக்க 53.4 வரும். 534 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளி இதில் சரியாக 100 தடவை அடங்கும். 101 தடவை அடங்க வேண்டுமாயின் அலைநீளம் ஏறத்தாழ 529 நனோமீற்றர். இடைப்பட்ட நிறங்களுக்கு அங்கே இடமில்லை. வளையத்தின் சூழலில் மிகச் சிறிய மாற்றம் வந்தாலும் இந்த எண்கள் நகரும். ஆகவே இத்தகைய வளையங்களை உணரிகளாகப் பாவிக்கும் வாய்ப்பும் உண்டு.

20 காபன் அணுக்களும் 12 ஐதரசன் அணுக்களும் மட்டுமே கொண்ட பெரிலீன் என்ற எளிய சேர்வையின் பளிங்குகளை, அயன் கற்றையால் வேண்டிய வடிவில் செதுக்கியும் இக்குழுவினர் காட்டியுள்ளனர்.

உண்மையில் எவ்வளவு தூரம் வந்துள்ளோம்?

இதைப் படித்துவிட்டு நாளையே சேதனப் பளிங்குக் கணினி வரும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி நாரில் ஒளி கிலோமீற்றர்கள் போகிறது. இப்பளிங்குகளில் பயணம் மில்லிமீற்றர்களில் அளக்கப்படுகிறது. வெப்பத்தையும் நீண்ட கால ஒளியையும் எல்லாச் சேதன மூலக்கூறுகளும் தாங்குவதில்லை. ஊசிமுனையால் ஒவ்வொன்றாக அடுக்குவது ஆய்வுகூடத்துக்குச் சரி, இலட்சக்கணக்கில் செய்ய அது போதாது.

ஆனால் 1987 இல் கொடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் மெல்லிய சேதனப் படலங்களிலிருந்து ஒளியைப் பெற்றபோதும் அது ஆய்வுகூட விடயமாகத்தான் இருந்தது. இன்று நம் வீடுகளிலுள்ள பல கைத்தொலைபேசிகளின் ஓ.எல்.ஈ.டி திரை அதிலிருந்து வந்ததே. ஒளிவிடும் மூலக்கூறு திரைக்கு வந்துவிட்டது. ஒளியைக் கடத்தும் மூலக்கூறு இன்னும் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையில் நடக்க ஆட்கள் தேவை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ராத்தாவுக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. தூரம் என்று அனுப்பவில்லை. இன்று அவர் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறார். அடிமட்டத்தின் ஓரம் ஏன் மின்னுகிறது என்று ஒரு வரியில் விளக்க முடிந்த ஒருவர் அவர். அவரைக் குறித்து நான் வருந்துகிறேன் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "எனக்கிட்டப் படிச்ச புள்ளைகள் போகும்" என்பார்.

உயிரியல் பிரிவில் படிக்கும் என்னிடம் எல்லோரும் கேட்பது, டொக்டராக வருவாயா என்றுதான். எனக்கு இரசாயனவியல் படிக்க ஆசை என்றால், "அதப் படிச்சி என்ன செய்யப் போறாய்?" என்பதே அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு என்னால் முடிந்த விடையையே இவ்வளவு நேரம் எழுதினேன். தேயிலையிலுள்ள மூலக்கூறு ஒன்று பளிங்காகி வளைவதைக் கண்டுபிடித்தவர்களும் ஒரு காலத்தில் இதே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றவர்கள்தாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். தூரம் என்ற காரணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவானதல்ல.

அன்றிரவு போத்தலில் நீர் முடிந்து, வெளிச்சமும் நின்ற பிறகு, வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "இத எங்க போய்ப் படிக்கிற புள்ள?"

ராத்தா என்னைப் பார்த்தார். இதுவரை எங்கள் வீட்டில் 'எதுக்கு' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். 'எங்க' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.